முள் எண்ணுகிறவள்

சிவ்ரியில், துறைமுகத்தின் பின்பக்கம்,
பூநாரைகள் போய்விட்ட சேற்றுக்கு எதிரே
எனக்கு வேலை: முள் எண்ணுவது.
சம்பளச் சீட்டில் அதற்கு நீளமாக வேறு பெயர்.

ஜூன் மழையில் நனைந்து வந்தது மரப்பெட்டி.
பாந்த்ராவில் அலங்காரச் செடி விற்கும் தாருவாலாவுக்கு
அர்ஜென்டினாவிலிருந்து நாற்பது சப்பாத்திக்கள்ளி.
சாத்தூர்ப் பக்கம் யாரும் விலை கேட்காத செடி.

பதினேழாவது தொட்டி, மூன்றாவது மடல்.
ஒரு முள் லேசாக வளைந்திருந்தது.
இந்தச் செடியின் முள்
ஒடியும், குத்தும், விரலுக்குள் நின்று சீழ் வைக்கும்;
வளையாது.

லென்ஸை இறக்கினேன்.
நாணயம் அடுக்கியதுபோல் முட்டைமேல் முட்டை,
எழுபத்திரண்டு.
ஓர் அந்துப்பூச்சி, விடியலுக்குச் சற்று முன்,
தன் உடம்பிலிருந்தே ஒரு முள் செய்து
நட்டுவிட்டுப் போயிருக்கிறது.

முப்பத்தொன்பது தொட்டிகள் எரியுலைக்குப் போயின.
தாருவாலா மூன்று மொழிகளில் திட்டினார்.
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்,
இரட்டைக் கதவுக்குப் பின்னால், கண்ணாடிக் கூண்டில்.
புழுவைக் காட்டிப் பெயர் சொன்னால் மேலிடம் நம்பாது,
சிறகு கேட்கும்.

இருபத்தாறாம் நாள் பொரித்தன.
முதலில் கடித்தவை செத்தன.
கள்ளிக்குக் கை இல்லை, பல் இல்லை,
கிழித்த இடத்தில் கொழகொழவென்று பசை வடிக்கத் தெரியும்.
நாலைந்து அதில் புதைந்து அசையாமல் நின்றன.
பசை ஓய்ந்ததும் மற்றவை
அதே ஓட்டை வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக.
விரார் லோக்கலில் ஏறுவதுபோல என்று
குறிப்பேட்டில் எழுதி, அடித்தேன்.
அவ்வளவு ஒழுங்காக நாங்கள் ஏறுவதில்லை.

அப்புறம் பல நாள் ஒன்றுமில்லை.
பச்சை, பச்சையாகவே நின்றது.
காதை வைத்துப் பார்த்தேன். ஏசி சத்தம்.

ஒரு மாலை சுலபா பின்னாலிருந்து டார்ச் அடித்தாள்.
மடல் எண்ணெய்க் காகிதம்போல ஒளிர்ந்தது.
உள்ளே, ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டையோடு
ஒரு குடித்தனமே நெளிந்தது.
சதையைத் தின்றிருந்தன, தோலை விட்டிருந்தன.
முட்களைத் தொடவே இல்லை:
வரிசையாக, கூராக,
எதையோ இன்னும் காவல் காத்தபடி.

கோப்பில் இருக்கிறது:
ஆஸ்திரேலியாவில் கள்ளி மண்டிக் கழனி மூடியபோது
இதைத்தான் கப்பலில் வரவழைத்தார்கள்.
முள்ளை முள்ளால் எடுத்த கதை.
நன்றிக்கு ஒரு மண்டபம் கட்டி இதன் பெயரை வைத்தார்கள்.
மெக்சிகோவில் கள்ளி மடலை நறுக்கிச் சமைப்பவர்கள்
இதற்கே பொறி வைத்துக் கடலோரம் காத்திருக்கிறார்கள்.
"அப்போ இது நல்லதா, கெட்டதா?" என்றாள் சுலபா.
ராணே சார் நிமிரவில்லை.
"படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை."

கணபதியைக் கரைத்த வாரம்
ஒவ்வொன்றாக இறங்கி வந்து
சருகுக்கடியில் வெள்ளைக் கூடு கட்டின.
நவராத்திரியில் சிறகு.
சாம்பல் நிறம்,
பார்த்த உடனே மறந்துபோகிற பூச்சி.
வாய் வேலை செய்யாது.
புழுவாய்த் தின்றதுதான் கடைசிச் சாப்பாடு;
மிச்சமிருக்கும் ஒன்பது, பத்து நாள்
அந்தக் கணக்கில்தான் ஓட வேண்டும்.
கூண்டுக்கு முன்னால் வடாபாவ் தின்னக் கூச்சமாக இருந்தது.
தின்றேன்.

பெயர் உறுதியானது.
பையாய்ச் சரிந்து நாறிய செடியை
அள்ளிக் கொதிகலனில் போட்டோம்.
கூண்டில் இப்போது கள்ளியே இல்லை.

மறுநாள் காலை
மழுமழுவென்ற கண்ணாடியில்
ஒரு முள்.
ஒளிந்துகொள்ள இன்னொரு முள் பக்கத்தில் இல்லாமல்,
ஆனாலும் முள்ளைப் போலவே,
லேசாக வளைந்து.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக்கொண்டு போனேன்.
கையுறை போட்டிருந்தேன்.
அது குத்தாது என்று என்னைவிடத் தெரிந்தவர்கள்
இந்த ஊரில் இரண்டே பேர்.
இருந்தாலும்
விரலைப் பக்கவாட்டில்தான் கொண்டுபோனேன்.